டீச்சர்களின் செல்போனுக்குப் பதினெட்டுக் குறிப்புகள்

என் செல்போனில் ஆசிரியர் குரூப் மட்டும் பதினொன்று இருக்கிறது. ஒன்றிய குரூப், சி.ஆர்.சி. (குறுவள மையம்) குரூப், கணக்குப் பாட குரூப், சங்க குரூப், போன தேர்தல் பணிக்கு ஆரம்பித்து இன்னும் யாரும் கலைக்காத குரூப் என்று வரிசையாகப் போகும். காலை ஐந்தரைக்கே ரோஜாப்பூவோடு வணக்கம் வந்துவிடும். மதியத்துக்குள் இருநூறு தகவல் சேர்ந்துவிடும். அவற்றுக்கு நடுவில், ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு டீச்சர் பழைய காலண்டர் அட்டையில் செய்த அருமையான இடமதிப்புப் பலகை கேட்பாரற்றுப் புதைந்து கிடக்கும். அதைத் தோண்டி எடுப்பதற்கும், நம்மிடம் இருப்பதை அடுத்தவர் கையில் சேர்ப்பதற்கும்தான் இந்தக் குறிப்புகள். நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள் நான். உதாரணங்கள் எல்லாம் கணக்கிலிருந்தே வருகின்றன. தமிழ் ஐயாக்கள் பொறுத்துக்கொள்ளவும்.

1. முதலில் குரூப்புகளை அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பிரியுங்கள். சுற்றறிக்கை வருவது, சங்கச் செய்தி வருவது, பாடம் பேசுவது என்று மூன்று ரகம்தான். சுற்றறிக்கை குரூப்பைத் தவறவிட்டால் எமிஸ் (பள்ளி விவர இணையதளம்) பதிவுக்குக் கடைசி நாள் போய்விடும். அதையும் பாடம் பேசும் குரூப்பையும் மேலே 'பின்' செய்துவிடுங்கள். மற்றவற்றை 'எப்போதும்' என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடலாம். வெளியேறினால்தான் 'டீச்சர் ஏன் போயிட்டீங்க' என்று போன் வரும். மியூட் செய்தது யாருக்கும் தெரியாது.

2. கேட்காமலேயே குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு: வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் குரூப்ஸ் என்று இருக்கும். அங்கே 'எல்லோரும்' என்பதை 'எனது தொடர்புகள்' என்று மாற்றிவிட்டால் முன்பின் தெரியாதவர் உங்களை நேராக இழுத்துப் போட முடியாது.

3. பெரிய குரூப் செய்தி கேட்க, சின்ன குரூப் பாடம் பேச. வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம். டெலிகிராமில் 2 லட்சம் பேர் வரை. அத்தனை பேர் முன்னால் 'எனக்கு இந்தப் பாடம் நடத்த வரவில்லை' என்று எந்த டீச்சராவது எழுதுவாரா? எங்கள் சின்னக் கணக்கு குரூப்பில் ஒன்பது பேர்தான். சி.ஆர்.சி. கூட்டத்தில் டீ குடிக்கும்போது சேர்ந்தவர்கள். அடுத்த பயிற்சிக்குப் போகும்போது, மேடையில் நன்றாகப் பேசியவரை விட்டுவிட்டு, நல்ல கேள்வி கேட்டவரின் எண்ணை வாங்கி வாருங்கள். முகம் தெரிந்தவர்கள் என்றால் ஒருவர் தப்பாகச் சொன்னாலும் மற்றவர் திருத்துவதில் கசப்பு இருக்காது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் குரூப்பில் தலைமையாசிரியர் (எச்.எம்.) வேண்டாம், வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) வேண்டாம். அவர்கள் மேல் மரியாதைக் குறைவில்லை. அவர்கள் இருந்தால் எல்லோரும் தங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வகுத்தல் போடுவதாகவே எழுதுவார்கள்.

4. கேள்வியைத் துல்லியமாகக் கேளுங்கள். எனக்குப் பிடிபட மூன்று வருடம் ஆனது. 'பின்னம் எப்படி நடத்துவது?' என்று ஒருமுறை பொதுவாகக் கேட்டேன். மூன்று யூடியூப் லிங்க், இரண்டு கும்பிடும் கைகள், ஒரு பாடத்திட்ட பி.டி.எஃப். வந்தன. அடுத்த வருடம் இப்படி எழுதினேன்: '6ஆம் வகுப்பு. 1/2 + 1/3 = 2/5 என்று பதினெட்டுப் பேர் எழுதுகிறார்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுகிறார்கள். காகிதத்தை மடித்துக் காட்டினேன். மடிக்கும்போது புரிந்ததாகத் தலையாட்டுகிறார்கள், நோட்டில் மறுபடியும் 2/5.' எந்த வகுப்பு, என்ன தவறு, நான் செய்து பார்த்தது என்ன, எங்கே மாட்டிக்கொண்டேன் என்ற நான்கும் அதில் இருந்தன.

அன்று சாயங்காலமே ஒரு சார் எழுதினார்: 'வழிமுறையை விடுங்க டீச்சர். அந்த 2/5 அரையை விடப் பெரிசா சின்னதான்னு முதல்ல கேளுங்க.' மறுநாள் கேட்டேன். ஐந்தில் பாதி இரண்டரை, இரண்டு அதற்கும் குறைவு என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். 'அப்போ அரை தோசையோட இன்னும் கொஞ்சம் தோசை வச்சா, அரை தோசையை விடக் குறைஞ்சு போகுமா?' என்றேன். வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் ஒருவன் நான் சொல்வதற்குள் ரப்பரை எடுத்து அழித்துக்கொண்டிருந்தான்.

அதைவிடப் பெரிய விஷயத்தை இன்னொரு டீச்சர் இரவு எழுதினார். பிள்ளைகள் முட்டாள்தனமாகக் கூட்டவில்லை, மதிப்பெண் கூட்டுகிறார்கள் என்றார். முதல் தேர்வில் இரண்டுக்கு ஒன்று, அடுத்ததில் மூன்றுக்கு ஒன்று, மொத்தம் ஐந்துக்கு இரண்டு. அது சரியான கணக்குதானே? நாமே தினமும் அப்படித்தான் கூட்டி ரிப்போர்ட் கார்டில் எழுதுகிறோம். அந்த இரண்டும் ஒரே தோசையின் பங்கு அல்ல, வேறு வேறு தேர்வின் மதிப்பெண் என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இத்தனை வருடம் தோன்றியதே இல்லை. எந்தப் பயிற்சியிலும் கேட்டதும் இல்லை.

5. பதில் வந்ததும் 'நன்றி' போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். வகுப்பில் செய்து பார்த்து என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். நான் எழுதியது: '1/2, 1/3க்கு வேலை செய்கிறது. 1/4 + 1/5க்கு 2/9 என்று எழுதுகிறார்கள், 2/9 கால் பங்கை விடச் சின்னது என்பது கண்ணுக்குத் தெரியவில்லை.' உடனே அடுத்த யோசனை வந்தது: கால் பங்கை 2/8 என்று எழுதச் சொல்லுங்கள், எட்டுத் துண்டில் இரண்டா ஒன்பது துண்டில் இரண்டா எது பெரிசு என்று கேளுங்கள். தோற்றதைச் சொன்னதால் கிடைத்த யோசனை அது. கடன் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லையே நாம். அதே வழக்கம் இங்கும்.

6. புதிதாக வந்த டீச்சர் எதையாவது கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்ற தொனி வேண்டாம். சிரிக்கும் பொம்மையும் வேண்டாம். ஒருமுறை அப்படிச் சிரித்துவிட்டால் அவர் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்த இருபது பேரும் அதன்பிறகு வாயைத் திறக்க மாட்டார்கள்.

7. சார்ட், பயிற்சித்தாள், நோட்டுப் பக்கம் இவற்றை போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். எழுத்து மங்கிப் போகும். அதே படத்தை 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். அப்படியே தெளிவாகப் போய்ச் சேரும்.

8. எழுத்துரு விஷயம் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியது. பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த வினாத்தாளை வேர்டு கோப்பாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் அது பூச்சி பறந்த மாதிரி தெரியும். யூனிகோடில் அடிப்பதே நல்லது. செல்லினம், ஜிபோர்டு எதுவானாலும் சரி. டைப் அடிக்கச் சோம்பலாக இருந்தால் கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017இலிருந்தே தமிழுக்கு இருக்கிறது, பேசினால் எழுதிக்கொள்ளும். ழ, ள, ல மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். 'பள்ளி' என்று சொன்னதை ஒருமுறை 'பல்லி' என்று எழுதி, நான் அப்படியே அனுப்பியும் விட்டேன்.

யூனிகோடின் பெரிய லாபம் வேறு. அடுத்த ஜூனில் 'பின்னம்' என்று தேடினால் அந்தத் தகவல் அகப்படும். கையால் எழுதிய தாளின் படம் அகப்படாது. நாலு நிமிட வாய்ஸ் மெசேஜும் அகப்படாது. குரலில்தான் சொல்ல வரும் என்பவர்கள் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்: '6 கணக்கு, பின்னம் கூட்டல், தோசை'.

9. நல்லது கண்ணில் பட்ட உடனே எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்பது அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவது மாதிரி. வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே நீங்கள் செய்தி அனுப்பிக்கொள்ள முடியும். தற்காலிகமாக அங்கே போடுங்கள். சனிக்கிழமை அவற்றைக் கூகுள் டிரைவில் வகுப்பு வாரியாகச் சேர்த்துவிடுங்கள். 15 ஜி.பி. இலவசம். கோப்பின் பெயரை 'IMG'யும் எண்ணுமாக விடாமல் 'இடமதிப்பு காலண்டர் அட்டை' என்று மாற்றுங்கள். சில குரூப்பில் அட்மின் தகவல்கள் தாமாக மறையும்படி வைத்திருப்பார். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று அதில் கணக்கு உண்டு. போன வருடம் சேர்ந்ததெல்லாம் எங்கே என்று பிறகு தேடிப் பயனில்லை.

10. யூடியூப் வீடியோவை முழுதாகப் பார்க்காமல் வகுப்பில் போடாதீர்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் வீட்டில் பார்த்து, வேண்டிய நிமிடத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பதினான்கு நிமிட வீடியோவில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டு நிமிடம். அறிவியல் ஆசிரியர்கள் அரவிந்த் குப்தாவின் பொம்மைகளைப் பார்க்காமல் இருக்கக் கூடாது: தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், பழைய செய்தித்தாள் என்று குப்பையிலிருந்தே இயற்பியல் சொல்லிக்கொடுப்பார். தமிழ்க் குரலோடும் சில உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்களும் கணக்குக்கு ஜியோஜிப்ராவும் இலவசம். நம் பாடப்புத்தகத்தின் கியூ.ஆர். கோடுகளையும் மறக்க வேண்டாம். 2018இல் புதிய புத்தகங்கள் வந்தபோது எல்லோரும் ஆர்வமாக ஸ்கேன் செய்தோம், அதோடு சரி. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் இருக்கின்றன. டீச்சர் இல்லாத நேரத்தை ஓட்டுவதற்கு அவற்றைப் போட வேண்டாம். அந்தப் பாடத்தை இன்னொருவர் எப்படித் தொடங்குகிறார் என்று பார்க்க நமக்கே நல்லது.

11. வாரம் ஒரு மணி நேரம் ஒரே கேள்வி என்று வைத்துப் பாருங்கள். இது வெளியூர்ச் சரக்குதான். 2009இல் அமெரிக்க ஆசிரியர்கள் சிலர் ட்விட்டரில் 'எட்சாட்' என்ற ஹேஷ்டேக்கோடு செவ்வாய்க்கிழமைதோறும் கூடி ஒரே பொருளைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே, 2006இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 'டீச்மீட்' தொடங்கியது. நிபுணர் யாரும் கிடையாது. ஆசிரியர்களே எழுந்து ஏழு நிமிடமோ இரண்டு நிமிடமோ தாங்கள் வகுப்பில் செய்ததைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஏழு நிமிடத்தில் 'இவ்வரங்கிற்கு வருகை தந்திருக்கும்' என்று தொடங்க நேரம் இருக்காது பாருங்கள், அதற்காகவே எனக்கு அது பிடித்தது.

நாங்கள் முதலில் இரவு எட்டு மணி என்று வைத்தோம். சார்கள் எல்லோரும் வந்தார்கள், டீச்சர்கள் ஒருவரும் வரவில்லை. எட்டு மணிக்கு யார் வீட்டில் தோசைக்கல் அடுப்பில் இல்லை? ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மாற்றிய பிறகுதான் குரூப்புக்கு உயிர் வந்தது. அந்த ஒரு மணி நேரம் ஃபார்வர்டு கூடாது, வணக்கம் கூடாது. முடிந்ததும் முறைவைத்து ஒருவர் பத்து வரியில் தொகுத்துப் போடுவார். கூகுள் மீட்டில் பேசுவதானால் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு மணி நேரம்தான். ஜூமில் 40 நிமிடம். தானாகவே நிறுத்திவிடும் என்பது ஒரு வசதியே.

12. மழைக்காலம் வந்தால் விடுமுறை வதந்தியும் வரும். போன வருடத்து அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள். மாவட்ட விடுமுறையை அறிவிப்பவர் ஆட்சியர். அவரது அதிகாரப்பூர்வப் பக்கத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அரசாணை என்று வந்தால் எண், துறை, நாள், கையெழுத்திட்டவரின் பதவி நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். தகவலுக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது என்று பொருள். அரசே தகவல் சரிபார்ப்பகம் ஒன்று நடத்துகிறது, அங்கும் பார்க்கலாம். சந்தேகமாக இருந்தால் அனுப்பாதீர்கள். 'உண்மையா என்று தெரியவில்லை, பார்க்கவும்' என்று எழுதி அனுப்புவதுதான் இருப்பதிலேயே மோசம்.

13. பிள்ளைகளின் படம். இதில் நானும் தவறு செய்தவள், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். முன்பு ஒரு குரூப்பில் ஒரு விடைத்தாளின் படம் வந்தது. பையன் எழுதிய பதில் வேடிக்கையாக இருந்தது. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். தாளின் மேலே அவன் பெயரும் வகுப்பும் தெளிவாகத் தெரிந்தன. யாரோ வெளியே அனுப்ப, அது சுற்றிச் சுற்றி அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. அவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டங்கள்: நோட்டைப் படம் எடுக்கும்போது பெயரின் மேல் ஒரு சீட்டு. செயல்பாட்டைப் படம் எடுத்தால் கைகளும் பொருளும் மட்டும், இல்லையென்றால் முதுகுப் பக்கம். பள்ளியின் பெயர்ப்பலகை பின்னால் வேண்டாம். உதவி வாங்கும் பிள்ளையின் முகம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். இலவச நோட்டு வாங்கியதை அவன் கல்யாணத்தின்போது யாராவது எடுத்துக் காட்டத் தேவையில்லை. சட்டமும் இதில் தெளிவு. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நலத்திட்டம், வங்கிக் கணக்கு, ஆதார் எண் உள்ள பட்டியலைக் குரூப்பில் போடுகிறவர்களுக்கும் இது சேர்த்துத்தான்.

14. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் உண்டு. ஃபேஸ்புக்கில் எழுதினாலும் அவை பொருந்தும். கோபத்தோடு எழுதியதை ஒரு இரவு வைத்திருந்து காலையில் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அனுப்பத் தோன்றாது.

15. பெற்றோர் குரூப், ஆசிரியர் குரூப் இரண்டுக்கும் ஒரே மாதிரி படம் வைக்காதீர்கள். எச்.எம்.மைப் பற்றிய புலம்பல் பெற்றோர் குரூப்பில் போய் விழுந்த கதை எல்லா ஒன்றியத்திலும் ஒன்று இருக்கும். மாணவர்களோடு தனிப்பட்ட சாட் வேண்டவே வேண்டாம். சொல்ல வேண்டியதைப் பெற்றோர் எண்ணுக்கோ வகுப்பு குரூப்புக்கோ அனுப்புங்கள்.

16. சான்றிதழ் மோகத்தைக் குறையுங்கள். 2020 ஊரடங்கில் நாளுக்கு நாலு இணைய விநாடி வினா, நாலு இ-சான்றிதழ். என்னிடம் 43 இருக்கிறது. அதில் எதைக் கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். அப்படி வரும் லிங்க்கில் பிறந்த தேதி, வங்கி விவரம், ஓ.டி.பி. கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

17. அடுத்தவர் செய்த பயிற்சித்தாளின் அடியில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டு அனுப்பாதீர்கள். இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து அடித்த டீச்சருக்குக் கிடைக்கும் ஒரே கூலி அந்தப் பெயர். படங்களை இணையத்தில் கண்டபடி எடுக்காமல் விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருக்கும். இப்போது ஏ.ஐ. போட்டுத்தந்த வினாத்தாள்களும் சுற்றுகின்றன. விடைக்குறிப்பை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

18. நீங்களும் எதையாவது போடுங்கள். 'நாம செய்யறதுல என்ன இருக்கு' என்பவர்களிடம்தான் சரக்கு இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில், போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து, கையும் தாளும் மட்டும் தெரிய இரண்டு நிமிடம் போதும். பின்னணி இசை வேண்டாம், பெயர் பறந்து வரும் அலங்காரமும் வேண்டாம். வீடியோ வராது என்றால் ஒரு நல்ல கேள்வியைப் போடுங்கள். எங்கள் குரூப்பில் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்திருப்பது இது: 7ஆம் வகுப்புக்கு வந்த பிறகும் 503இலிருந்து 167ஐக் கழிக்கச் சொன்னால், நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்திடம் கடன் கேட்கும்போது சில பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். மணிச்சட்டம், குச்சி இரண்டும் வைத்துப் பார்த்தாயிற்று. 'ஐம்பது பத்திலிருந்து ஒரு பத்தை எடு, நாற்பத்தொன்பது பத்து மிச்சம்' என்று சொன்னதில் பாதிப் பேருக்குப் பிடிபட்டது. மீதிப் பாதிக்கு உங்களிடம் வழி ஏதும் இருக்கிறதா, டீச்சர்?